இங்கிலீஷ் வாத்தியாரின் தமிழ் வகுப்பு

வேலையில் இருந்த காலம் முழுக்க வள்ளியூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷ் இலக்கணம் நடத்தியவன் நான். ‘சின்ஸ்’ எங்கே வரும், ‘ஃபார்’ எங்கே வரும், ‘தி’ எந்தப் பெயருக்கு முன்னால் வராது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காரணம், அதில் ஒன்றுகூட எனக்குத் தானாக வந்ததில்லை. எல்லாமே படித்து, மனப்பாடம் பண்ணி, பிரம்படி வாங்கி வந்தது. தமிழ் அப்படி வரவில்லை. அம்மா பேசினாள், ஆச்சி பேசினாள், நானும் பேசினேன், அவ்வளவுதான். ஓய்வுபெற்ற பிறகு வெளிநாட்டுக்காரர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால், சரி எது தப்பு எது என்று காது உடனே சொல்லிவிடுகிறது. ஏன் என்று கேட்டால் வாய் திறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்களா என்று கேட்பவர்கள் செட்டிகுளம், கூடங்குளம் பக்கம் ஒருமுறை வந்து பார்க்கலாம். அணுமின் நிலையத்தின் கட்டுமானம் 2002-ல் தொடங்கியதிலிருந்து ரஷ்ய இன்ஜினியர்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். சிலர் குடும்பத்தோடு வருகிறார்கள். கணவர் பிளான்ட்டுக்குப் போய்விட்டால் மனைவிக்குக் கடைக்குப் போகவாவது நாலு வார்த்தை வேண்டாமா? அப்படி வந்தவர்தான் என் முதல் மாணவி. அப்புறம் வில்லுப்பாட்டு ஆராய்ச்சிக்கென்று பாளையங்கோட்டையில் தங்கியிருந்த ஒரு ஜப்பானியப் பையன் வந்து சேர்ந்தான். இந்த இரண்டு பேரும் கேட்ட கேள்விகளை வைத்துத்தான் நான் என் தாய்மொழியின் இலக்கணத்தைக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் என் பழைய தமிழையா கோபித்துக்கொள்வார். ஆனால் அதுதான் உண்மை.

இங்கிலீஷ்காரர்களுக்கும் இதே பாடுதான். பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷைதானே என்று லண்டன் பையன் ஒருவன் வெளியூரில் போய்ச் சொல்லிக்கொடுக்க நின்றால், ‘பிக் ரெட் பஸ்’ சரி, ‘ரெட் பிக் பஸ்’ ஏன் தப்பு என்று ஒரு மாணவன் கேட்டதும் முழிப்பான். அளவு முதலில், நிறம் அப்புறம் என்ற வரிசை அவன் நாக்கில் இருக்கிறது, தலையில் இல்லை. வள்ளியூரில் படித்த எனக்கு அது தலையில் மட்டும்தான் இருக்கிறது! அதனால்தான் கேம்பிரிட்ஜின் செல்டா போன்ற ஆசிரியர் பயிற்சிகளில், இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் காசு கட்டிச் சேர்ந்து தங்கள் பாஷையின் இலக்கணத்தையே படிக்கிறார்கள். தமிழைச் சொல்லிக்கொடுக்க அப்படி ஒரு பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை. கையில் இருந்தது பள்ளிக்கூட இலக்கணப் புத்தகமும் என் காதும்.

இங்கிலீஷ் வாத்தியார் புத்தியில் நான் முதலில் பயந்தது ‘எனக்கு’ என்ற வேற்றுமைக்குத்தான். எனக்குப் பசிக்குது, எனக்குப் பிடிக்கும், எனக்குத் தெரியும். இங்கிலீஷ் வழியாகத் தமிழுக்கு வருபவர்கள் ‘நான் பசிக்கிறேன்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள் என்று எதிர்பார்த்து ஒரு பாடமே தயார் பண்ணி வைத்திருந்தேன். அந்த அம்மா சிரித்தார். ரஷ்யனிலும் அப்படித்தானாம். ‘ம்னே ஹோலத்னா’ என்றால் எனக்குக் குளிருது. வயசு சொல்வதும் எனக்கு இத்தனை வயசு என்று நாம் சொல்கிற அதே கணக்கில்தான். ‘அவர் டாக்டர்’ என்று வினையே இல்லாமல் வாக்கியத்தை முடிப்பதும் அவர்களுக்குப் பழக்கம். நான் மலையாக நினைத்ததை அவர் அரை மணி நேரத்தில் தாண்டிவிட்டார். எது கஷ்டம், எது சுலபம் என்பதைத் தமிழ் தீர்மானிப்பதில்லை, வருகிறவர் எந்தப் பாஷையிலிருந்து வருகிறார் என்பதுதான் தீர்மானிக்கிறது. நாம்-நாங்கள் வித்தியாசத்தில்தான் அவர் தடுமாறினார். “நாம கிளம்புதோம்” என்று விடைபெறுவார். நானும் கூடவே கிளம்ப வேண்டியதுதான் பாக்கி.

ஜப்பானியப் பையன் கதை வேறு. நம் வாக்கியத்தில் எது எங்கே உட்காருமோ, ஏறக்குறைய அங்கேதான் அவன் பாஷையிலும் உட்காருகிறது. வினை கடைசியில். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். அதைவிட ஆச்சரியம் நம் துணைவினைகள். ‘சாப்பிட்டுப் பார்’ என்பதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, முயன்று பார் என்று பொருள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் ‘தபெதே மிரு’ என்றான். ‘மிரு’ என்றால் பார். ‘வாங்கி வை’ என்பதில் உள்ள ‘வை’க்கும் அவனிடம் ‘ஒகு’ என்று ஒன்று இருந்தது, அர்த்தமும் வை என்பதுதான். இதையெல்லாம் பார்த்துத் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு கொண்டாடிய ஓனோ சுசுமு என்ற அறிஞர் நம்மூரில் பிரபலம். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை. எனக்கு அந்தச் சண்டையில் வேலை இல்லை, பாடம் சீக்கிரம் முடிந்தது என்ற சந்தோஷம் மட்டும்தான்.

‘விடு’ என்ற துணைவினைக்கு வரும்போது இரண்டு பேரும் இரண்டு திசையில் போனார்கள். வந்தான், வந்துவிட்டான். ரஷ்யனில் பெரும்பாலான வினைகளுக்கு முடியாத வடிவம், முடிந்த வடிவம் என்று ஜோடி உண்டு. அதனால் ‘விடு’ என்றால் வேலை முடிந்தது என்று அந்த அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அது முக்கால்வாசி சரி. ஒரு நாள் வகுப்பு நடக்கும்போது உள்ளே பால் பொங்கி வழிந்தது. என் மனைவி, “ஐயோ, கொட்டிட்டே” என்று கத்தினாள். பால் கொட்டி முடிந்தது என்றா அவள் தகவல் சொல்கிறாள்? அதில் ஒரு அங்கலாய்ப்பு இருக்கிறது. கண்ணாடி உடைந்தது என்றால் செய்தி, உடைந்துவிட்டது என்றால் போச்சே என்ற வருத்தம். அதை எப்படி விளக்குவது என்று நான் திணறினேன். அந்த அம்மாவுக்குப் புரியவைக்க நாலைந்து வகுப்புகள் ஆயின. பையனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர்களுடைய ‘ஷிமாவு’ என்ற துணைவினை இந்த இரண்டையும் சேர்த்தே செய்கிறதாம், முடிவையும் வருத்தத்தையும்.

இது எழுத்துத் தமிழோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நம்மூர்ப் பேச்சு வேறு நடுவில் வந்து நிற்கிறது. அந்த அம்மா முதலில் கற்றுக்கொண்ட வாக்கியங்களில் ஒன்று ‘போயிட்டு வாரேன்’. ஒரு நாள் செட்டிகுளம் பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒரு ஆச்சியிடம், “நாகர்கோயில் பஸ்?” என்று கேட்டிருக்கிறார். ஆச்சி, “போயிட்டு” என்றாளாம். இவர் மீதி வாக்கியத்துக்காக ஆச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். போயிட்டு? போயிட்டு வருமா, போயிட்டு நிற்குமா? ஆச்சி முறுக்கைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டாள்.

மதராஸ்காரர்கள் ‘பஸ் போயிடுச்சு’ என்பார்கள். நாம் ‘பஸ் போயிட்டு’ என்போம். மழை வந்துட்டு, கரண்ட் போயிட்டு, சோறு வெந்துட்டு. ‘விட்டது’ தேய்ந்து ‘ட்டு’ ஆனது. ‘போயிட்டு வாரேன்’ என்பதில் உள்ளது ‘விட்டு’, அதுவும் தேய்ந்து ‘ட்டு’ ஆனது. இரண்டு வெவ்வேறு சொற்கள் தேய்ந்து ஒரே முகத்தோடு நிற்கின்றன. நமக்கு ஒருபோதும் குழம்புவதில்லை. ஏன் குழம்பவில்லை என்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். பேசுகிறவரின் குரல் ‘போயிட்டு’ என்று கீழே இறங்கி நின்றால் முற்று, மேலே தொங்கிக்கொண்டிருந்தால் எச்சம். எழுவாயும் துப்புக் கொடுக்கும். அஃறிணையாக இருந்தால்தான் முற்றாக இருக்க வழி உண்டு. ஆள் போனால் ‘போயிட்டான்’ என்று வந்துவிடுமே. இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அறுபது வருஷமாகப் பேசுகிற பாஷையில் நான் எழுதிய முதல் விதி அது.

இரண்டாவது விதி நிகழ்காலம். புத்தகத்தில் ‘செய்கிறேன், பார்க்கிறேன்’. நம் வாயில் ‘செய்யுதேன், பாக்கேன்’. ஒன்றில் தகரம், இன்னொன்றில் அதையும் காணோம். எதற்கு எது? சொல்லுதேன், ஓடுதான், எழுதுதா, பேசுதிய ஒரு பக்கம். படிக்கேன், கேக்கேன், நிக்கான், குடுக்கா இன்னொரு பக்கம். வாரேன், போறேன் இரண்டும் எதிலும் சேராமல் தனியாக நிற்கும். பட்டியல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாதான் கண்டுபிடித்தார். ‘செய்ய, சொல்ல, ஓட, எழுத’ என்று வருவதெல்லாம் தகரம் வாங்குகின்றன. ‘படிக்க, கேக்க, நிக்க, குடுக்க’ என்று வினைக்குப் பின்னால் ‘க்க’ சேர்ந்து முடிவதெல்லாம் அந்தக் ‘க்க’விலேயே ‘ஏன்’ ஒட்டிக்கொள்கின்றன. ‘செய்ய வேண்டும்’ என்பதில் வரும் வடிவம் தெரிந்தால் போதும், திருநெல்வேலி நிகழ்காலம் கையில் வந்துவிடும். இங்கேயே பிறந்து வளர்ந்த ஆயிரம் பேரிடம் கேட்டுப் பாருங்கள், இந்த விதியை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஒருவரும் மீறவும் மாட்டார்கள்.

இந்தக் ‘க்க’ வைத்திருக்கும் சாவிக்கொத்து இன்னும் பெரிசு. ஓடு, ஓடினான். விடு, விட்டான். எடு, எடுத்தான். மூன்றும் ‘டு’வில் முடிகின்றன, இறந்தகாலம் மட்டும் மூன்று விதம், இதற்கு என்ன நியாயம் என்று பையன் கேட்டான். நான் நன்னூலைத் தேடி எடுத்தேன். ‘தடற ஒற்று இன்னே’ என்று தொடங்கும் சூத்திரம் இறந்தகால இடைநிலைகளை அடுக்குகிறது. த், ட், ற், இன். செய்தான், உண்டான், சென்றான், ஓடினான். சரி, எந்த வினைக்கு எது? அந்தச் சூத்திரம் அதைச் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதியது தமிழ் பேசுகிறவனுக்கு. ‘ஓட்டான்’ என்று அவன் சொல்லப்போவதில்லை. அந்த நூலுக்கு உரை எழுதிய சங்கர நமச்சிவாயர் நம் திருநெல்வேலிக்காரர், அதைத் திருத்தி விரித்த சிவஞான முனிவர் விக்கிரமசிங்கபுரத்துக்காரர். அவர்கள் யாருக்கும் ஒரு ஜப்பானியப் பையனின் சந்தேகம் வரவே வழியில்லை.

விடை கடைசியில் பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காகப் படித்த குற்றியலுகரத்தில், அதாவது சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் ‘உ’வில், கிடைத்தது. எதற்கு இந்தப் பாடம் என்று அப்போது தோன்றியிருக்கிறது. ஓடு, பாடு, தேடு, பேசு, எழுது, வாங்கு எல்லாம் குற்றியலுகரம். அவை ‘இன்’ வாங்கும். விடு, சுடு, நடு, தொடு தனிக்குறிலை அடுத்து வருபவை, முற்றியலுகரம். அவை இரட்டித்து ‘ட்ட்’ ஆகும். அந்த வரிசையிலேயே எடுக்க, கொடுக்க, தடுக்க என்று ‘க்க’ வருபவை இருந்தால் ‘த்த்’. போடு மட்டும் ‘போட்டான்’ என்று அடம்பிடிக்கும். சாப்பிடு, புறப்படு போன்றவை உள்ளே இடு, படு என்று குறில் வினையை ஒளித்து வைத்திருப்பதால் ‘ட்ட்’தான். நட, பற, இரு என்று ‘க்க’ இருந்தும் ‘ந்த்’ வாங்குகிற கூட்டம் ஒன்றும் உண்டு. அதை மனப்பாடம்தான் பண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இங்கிலீஷில் ‘கோ, வென்ட்’ என்று நான் பண்ணவில்லையா?

வினைகளை இப்படிக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துப் பார்க்கிற புத்தி நம் பக்கத்துக்குப் புதிசு ஒன்றும் இல்லை. 1540-களின் கடைசியில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் இருந்துகொண்டு கடற்கரைப் பேச்சை வைத்து ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். ஐரோப்பியர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம் அதுதான், போர்த்துகீசிய மொழியில். வினைகளை வகைப்படுத்தித் திரித்துக் காட்டுகிறார். அவருக்கு அது தேவைப்பட்டது. பரதவர் வீட்டுக் குழந்தைக்குத் தேவைப்படவில்லை. 1578-ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்ற தமிழ்ப் புத்தகமும் அவர் வேலைதான். அப்புறம் கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டியில் இருந்த வீரமாமுனிவர், பாளையங்கோட்டைக்கு 1820-ல் வந்த ரேனியஸ், சாயர்புரத்தில் பள்ளி நடத்திய ஜி.யூ. போப் என்று வந்த பாதிரிமார் எல்லோருமே இலக்கணம் எழுதினார்கள். இடையன்குடியில் 1841-ல் குடியேறிய கால்டுவெல் 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தையே வெளியிட்டுவிட்டார். அவருடைய இடையன்குடிக்கும் என் மாணவி இருக்கும் செட்டிகுளத்துக்கும் நடுவே அதிக தூரம் இல்லை.

இந்தப் பெரிய மனிதர்களின் பெயரையெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம், சிலை வைத்தோம். எனக்கு இப்போது இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முன்ஷிகள் மீதுதான் கண். ‘ஐயா, இது ஏன் இப்படி வருது?’ என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்டிருப்பார். ‘அப்படித்தான் துரை வரும்’ என்று அவர் சொல்லியிருப்பார். மறுநாள் துரை பட்டியலோடு வந்து நின்றிருப்பார். அந்த முன்ஷியும் திண்ணையில் உட்கார்ந்து தன் நாக்கையே வேவு பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வீரமாமுனிவரிடம் நான் பாராட்டுவது ஒன்று உண்டு. செந்தமிழுக்குத் தனியாக, பேச்சுத் தமிழான கொடுந்தமிழுக்குத் தனியாக இலக்கணம் எழுதினார். இரண்டையும் போட்டுக் குழப்பவில்லை. கொடுந்தமிழ் இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. இன்றைக்கு வெளிநாட்டவருக்கென்று வரும் சில புத்தகங்களைப் பார்த்தால், ஒரு பக்கத்தில் ‘நீங்கள் எங்கே செல்கிறீர்கள்’, அடுத்த பக்கத்தில் ‘சாப்டாச்சா’. இதைப் படித்துவிட்டு ராதாபுரம் சந்தையில் ‘கத்திரிக்காய் என்ன விலைக்குத் தருகிறீர்கள்’ என்று கேட்டால் கடைக்காரம்மா விலையை ஏற்றத்தான் செய்வாள். நான் பேச்சுத் தமிழை, அதிலும் எங்கள் ஊர்ப் பேச்சை, முதலில் சொல்லிக்கொடுக்கிறேன். ‘கொச்சையைப் போய்ச் சொல்லித் தாரீரே’ என்று தமிழையா நண்பர் குறைப்பட்டார். அவர் அதைச் சொன்னதும் கொச்சையில்தான்.

கொச்சைக்குள்ளே இலக்கணம் எவ்வளவு கட்டுப்பாடாக உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு ஒரு சாட்சி. ‘எங்க போறிய’, ‘என்ன பண்ணுதிய’ என்று மரியாதைப் பன்மையை அந்த அம்மா நன்றாகப் பிடித்துக்கொண்டார். புத்தகத்தின் ‘ஈர்கள்’ இங்கே ‘இய’ என்று விதியும் எழுதிக்கொண்டார். ஒரு நாள் பக்கத்து வீட்டு மதினி வாசலில் நின்று, “சாப்பிட்டியளா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். உடனே நோட்டைத் திறந்தார். ‘சாப்பிட்டிய’ என்றால் கேள்வி ‘சாப்பிட்டியா’ என்றுதானே வர வேண்டும், ‘ள’ எங்கிருந்து வந்தது?

‘சாப்பிட்டியா’ என்றால் ‘நீ சாப்பிட்டியா’ ஆகிவிடும், மரியாதை போய்விடும் என்று மட்டும் சொன்னேன். அது பதில் ஆகாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அப்புறம்தான் வேறு சொற்களைப் போட்டுப் பார்த்தோம். ‘அவ வந்தா’, கேட்டால் ‘வந்தாளா?’. ‘அவ’, கேட்டால் ‘அவளா?’. ‘தேள்’ மாதிரி ஓரசைச் சொல்லை விட்டுவிட்டால், பேச்சில் சொல்லின் கடைசியில் நிற்கும் ளகரம் வாயை மூடிக்கொள்கிறது. பின்னால் ஒரு உயிர் வந்து ஒட்டியதும் எழுந்து வந்துவிடுகிறது. ‘ஈர்கள்’ என்பதன் கடைசி ‘ள்’ ‘இய’வுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது, ‘ஆ’ வந்ததும் வெளியே வந்தது. பேசுகிறவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இதில் தப்புவதில்லை. அந்த மதினி ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ‘சாப்பிட்டியளா’ என்பதில் ‘கள்’ விகுதி இருக்கிறது என்று நான் அவளிடம் சொன்னபோது, “கள்ளு குடிச்சிட்டு வந்தியளா சார்வாள்?” என்றாள்.

இன்னும் முடியாத கணக்கு ஒன்று உண்டு. ரஷ்யனில் ‘நீ’, ‘நீங்க’ இரண்டு உண்டு, எனவே அந்த அம்மாவுக்கு அதில் சிக்கல் இல்லை. ஆனால் நம்மூரில் நடுவில் ‘நீரு’ என்று ஒன்று இருக்கிறதே! ‘என்ன வேய், உமக்கு என்ன, வாரும்’ என்று ஆண்கள் பேசிக்கொள்வதை டீக்கடையில் கேட்டுவிட்டு, யார் யாரை ‘நீரு’ என்று சொல்லலாம் என்று கேட்டார். சிநேகம் இருக்க வேண்டும், வயசு ஒத்திருக்க வேண்டும், கொஞ்சம் கேலியும் உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியென்றால் கோபத்தில் சண்டை போடும்போதும் ‘நீரு யாருவேய்’ என்கிறார்களே என்றார். அதுவும் சரிதான்.

நானே டீக்கடையில் போய்க் கேட்டேன். மாப்பிள்ளை முறைக்காரனை ‘நீரு’ என்பதுதான் வழக்கம் என்றார் ஒருவர். என் மாமனார் என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்று இன்னொருவர் மறுத்தார். பொம்பளைகள் சொல்வதில்லை என்றார் மூன்றாமவர். எங்க ஆச்சி தாத்தாவை ‘நீரு’ என்றுதான் கூப்பிடுவாள், அதுவும் சண்டையில் இல்லை, சாதாரணமாகவே என்று நாலாமவர் கிளம்பினார். குரல்கள் உயர்ந்தன, டீ ஆறியது. கடைக்கார அண்ணாச்சிதான் கடைசியில் கிளாஸைத் தட்டி நிறுத்தினார்: “அந்த அம்மாவ எல்லாத்தையும் நீங்கன்னே கூப்பிடச் சொல்லும் வேய். ஒமக்கே தெரியாதத எதுக்குச் சொல்லிக் குடுக்கீரு?”